கடைக்குப் போகுமுன் முழங்கால் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

வாசகர் கேள்விக்கு இயன்முறை மருத்துவரின் பதில்

63 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மாற்று அறுவை சிகிச்சைக்கு இன்னும் மூன்று வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டில் அவரும் 70 வயதுக் கணவரும் மட்டும். கணவருக்கு நெடுநாள் முதுகுவலி. தொலைவில் வேலை பார்க்கும் மகன், வாங்க வேண்டியவை என்று 23 பொருள்களைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழங்கால் மாற்று சிகிச்சை செய்துகொண்ட பக்கத்து வீட்டுப் பெண்மணியோ, "அதெல்லாம் எதற்கு? என் வாக்கர் சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள், போதும்" என்கிறார். அவர் வாசகியைவிட ஒரு தலை உயரமானவர். இதற்கிடையில் கணவர் ஆசையாக ஒரு மெத்தென்ற சாய்வு நாற்காலியை வாங்கி வந்து கூடத்தில் போட்டுவிட்டார்.

"வீட்டை ஆஸ்பத்திரி ஆக்க எனக்கு மனமில்லை. ஊன்றி நடக்கப் பழகிவிட்டால் கடைசிவரை விட முடியாதாமே? குளியலறையில் துண்டு போடும் கம்பி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்வேன். மற்றபடி அவர் தாங்கிக்கொள்வார். உண்மையில் எவை வேண்டும், எவை வேண்டாம்?" என்று கேட்கிறார். குளியலறைக் கதவு குறுகல், வாசலில் ஒரு மேடு உண்டு என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

அம்மா, உங்கள் மகனின் பட்டியலில் இருப்பவை எல்லாம் உபயோகமான பொருள்கள்தான். ஆனால் 23 வரிகளில் ஓர் அளவுகூட இல்லை. இத்தனை செ.மீ. உயரம், இத்தனை செ.மீ. அகலம் என்று எங்கும் இல்லை. இடுப்பு மூட்டு சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் நமக்கு வேண்டியது சரியான உயரம். பொருள்கள் அந்த உயரத்தைக் கொடுக்க வந்தவை. அதனால் பட்டியலைச் சற்றுநேரம் மடித்து வைத்துவிட்டு, தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடா ஒன்றைத் தேடி எடுங்கள்.

முழங்கால் வேறு, இடுப்பு வேறு

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அவருடைய அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. முழங்கால் மாற்றியவரிடம் நாங்கள் "மடக்குங்கள், இன்னும் மடக்குங்கள்" என்று நச்சரிப்போம். இடுப்பு மாற்றியவரிடம் "அதற்கு மேல் மடக்காதீர்கள்" என்போம். ஒரே மாடிப்படியில் ஒருவரை ஏறச் சொல்லி மற்றவரை இறங்கச் சொல்வது மாதிரி.

காரணம் எளிது. இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் உலோகப் பந்தையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்து அமைத்த மூட்டின் வழித்தோன்றல்தான் இன்று பலருக்கும் பொருத்தப்படுவது. பொருத்தியவுடன் பந்து கிண்ணத்தில் கச்சிதமாகத்தான் உட்காரும். அதை நழுவாமல் காத்துக்கொள்பவை சுற்றிலுமுள்ள உறையும் தசைகளும். அறுவை சிகிச்சையின்போது அந்த உறையைத்தான் வெட்டி வழி உண்டாக்குகிறார்கள். அது ஆறி உறுதிப்படும் வரை, சில கோணங்களில் காலைக் கொண்டுபோனால் பந்து வெளியே நழுவிவிடலாம். நழுவும் ஆபத்து முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம்.

பின்பக்கமாக வழி உண்டாக்கிச் செய்த சிகிச்சை என்றால் பொதுவாக மூன்று அசைவுகளைத் தவிர்க்கச் சொல்வார்கள்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உட்பக்கமாகத் திருப்புவது. முன்பக்கமாகச் செய்தால் விதிகள் வேறு, பெரும்பாலும் குறைவு. இந்தக் கட்டுப்பாடுகளை வெகுவாகத் தளர்த்திவிட்ட அறுவை சிகிச்சை நிபுணர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு எந்த வழி என்று கடிதத்தில் இல்லை. தெரியும் வரை பின்பக்கம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கண்டிப்பான பக்கம் அதுதான்.

தாழ்வான இடத்தில் உட்காரும்போது என்ன நடக்கிறது என்று இப்போதே செய்து பாருங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே போகும். எழுந்திருக்க உடம்பை முன்னால் சாய்ப்பீர்கள். அந்த ஒரு நொடியில் இடுப்பு 90 டிகிரியைத் தாண்டிவிடுகிறது.

ஐந்து இடங்கள், ஐந்து அளவுகள்

வீட்டில் போட்டு நடக்கப்போகும் செருப்பை, அதாவது குதிகால் மூடியதும் வழுக்காததுமான ஒன்றைப் போட்டுக்கொண்டு, கெட்டியான நாற்காலியில் உட்காருங்கள். பாதம் தரையில் பதிந்திருக்கட்டும். தரையிலிருந்து முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்பு வரை எத்தனை செ.மீ. என்று கணவரை அளக்கச் சொல்லுங்கள். 42 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 5 கூட்டினால் 47. உங்கள் வீட்டில் நீங்கள் உட்காரும் எந்த இடமும் இதைவிடத் தாழ்வாக இருக்கக்கூடாது. ரொம்பவும் உயர்ந்து, பாதம் தொங்கவும் கூடாது.

பிறகு அளக்க வேண்டியவை: கட்டில், கழிப்பறைக் கமோடு, பகலில் உட்காரும் நாற்காலி, குளிக்கும் ஸ்டூல், சாப்பிடும் இடம். மெத்தையும் குஷனும் உள்ள இடங்களில் யாராவது உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். பார்வைக்கு 50 செ.மீ. இருக்கும் சோபா உட்கார்ந்ததும் 12 செ.மீ. அமுங்கினால், உங்களுக்கு அது 38 செ.மீ. சோபாதான். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் குழிவுள்ள உறுதியான கட்டைகளை வைத்து உயர்த்தலாம். செங்கல்லை அடுக்கி வைக்காதீர்கள், நகரும். நாற்காலிக்கு அடர்த்தியான ஃபோம் துண்டு ஒன்று போதும். இருபுறமும் கைப்பிடி இருக்க வேண்டும், சக்கரமோ சுழற்சியோ ஆட்டமோ இருக்கக்கூடாது. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தின் மூலையில் ஒரு பழைய மர நாற்காலி இருக்கிறது. யாரும் மதிக்காத அந்த நாற்காலிதான் பெரும்பாலும் பொருத்தமாக அமைகிறது.

கழிப்பறைதான் முதல் கவலை

எதையுமே வாங்காவிட்டாலும் இதற்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாளில் பலமுறை, அதிலும் இரவில் தூக்கக் கலக்கத்தில், உட்கார்ந்து எழும் இடம் இது. உங்கள் கமோடு 40 செ.மீ. உயரம் என்றால் குறைவது 7. கமோடின் மேல் பொருத்தும் உயர இருக்கைகள் பொதுவாக 5, 10, 15 செ.மீ. அளவுகளில் கிடைக்கும். உங்களுக்கு 10. அளக்காமல் போனால் 5 செ.மீ. இருக்கையை வாங்கி வந்திருப்பீர்கள். மேலே சும்மா உட்கார வைக்கும் வகை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நகரும். திருகி இறுக்கும் வகைதான் சரி.

ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வேறு. கைப்பிடியும், உயரத்தை ஏற்றி இறக்கும் கால்களும் கொண்ட கமோடு நாற்காலி ஒன்றை எடுங்கள். அடியிலுள்ள வாளியைக் கழற்றிவிட்டால் கமோடின் மேல் அப்படியே நிற்கும். வாளியோடு இரவில் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். துருப்பிடிக்காத வகை என்றால் குளிக்கவும் அதிலேயே உட்காரலாம். ஒரே பொருளில் உங்கள் மகன் பட்டியலில் மூன்று வரிகள் அடிபட்டுப் போகின்றன. கட்டிலருகே வாளி வைப்பது உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், தெரியும். இரண்டு வாரம்தான். இரவு இரண்டு மணிக்குக் குறுகிய கதவையும் மேட்டையும் தாண்டிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்தக் கதவை இன்றே அளங்கள். திறந்து வைத்த பிறகு மிஞ்சும் இடைவெளிதான் அகலம். வாக்கரின் கால் நுனிகளுக்கு இடையிலுள்ள அகலத்தோடு அதை ஒப்பிடுங்கள். கொஞ்சம்தான் இடிக்கிறது என்றால் கதவைக் கீலிலிருந்து கழற்றிவிட்டு மூன்று மாதத்துக்குத் திரை போடலாம். கதவுப் பலகையின் கனம் அளவுக்கு இடம் கிடைக்கும். அப்படியும் போகாவிட்டால் நீங்களாகப் பக்கவாட்டில் நுழையப் பார்க்காதீர்கள். வாசல் மேட்டின் உயரத்தையும் குறித்துக்கொண்டு போய் மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரிடம் கொடுங்கள். பக்கவாட்டில் எப்படி அடிவைப்பது, அதே உயரப் படியை எப்படித் தாண்டுவது என்று பழக்கித்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

துண்டுக் கம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போனபோது குளியலறையில் அந்தக் கம்பி சோப்புப் பெட்டியின் மேல் கிடந்தது. சுவரில் இரண்டு ஓட்டைகள், அருகே சுண்டுவிரல் நகத்தளவு இரண்டு பிளாஸ்டிக் அடைப்பான்கள். அவ்வளவுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மா கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருந்தார். துண்டின் எடைக்காகப் பொருத்தியது உங்கள் எடையைத் தாங்காது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வட்டம் வைத்த கைப்பிடிகளையும் நான் நம்புவதில்லை. சுவருக்குள் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்தும் கைப்பிடிக் கம்பி இரண்டு போதும்: கமோடு அருகே ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. அறுவை சிகிச்சைக்கு முன்பே பொருத்திவிடுங்கள். மூட்டு ஆறிய பிறகும் அவை இருக்கட்டும், உங்கள் கணவருக்கும் உதவும்.

வாக்கரும் கைத்தடியும்

பக்கத்து வீட்டு வாக்கரை வாங்கிக்கொள்ளலாம், சோதித்துவிட்டு. கால்களைத் தலைகீழாகத் திருப்பி ரப்பர் புஷ்களைப் பாருங்கள். வரிப்பள்ளம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் நான்கையும் மாற்றுங்கள். உயரம் மாற்றும் பொத்தான்கள் நான்கு காலிலும் ஒரே ஓட்டையில் முழுதாக வெளியே வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். நிமிர்ந்து நின்று கைகளைத் தளரத் தொங்கவிட்டால் கைப்பிடி உங்கள் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அப்போது பிடித்து நின்றால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும். அவர் உங்களைவிட ஒரு தலை உயரம் என்கிறீர்களே, நிச்சயம் இறக்க வேண்டியிருக்கும். இறக்கியும் அந்த அளவுக்கு வராவிட்டால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழாதீர்கள், அது உங்கள் மேலேயே சாயும். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, வலது காலை முன்னால் நீட்டி, இரண்டு கைகளாலும் நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி எழுந்து, நின்ற பிறகு வாக்கருக்குக் கை மாற வேண்டும். திரும்பும்போது பாதத்தைப் பதித்தபடி உடம்பை மட்டும் திருப்பாமல் சிறு சிறு அடிகளாகத் திரும்புங்கள்.

"பழகிவிட்டால் விட முடியாதாமே" என்ற உங்கள் பயம் நேர் தலைகீழானது. வலது காலில் நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது வலது புறத் தசைகள். அவை இப்போது பலவீனமாக இருக்கும். ஊன்றுவதற்கு எதுவும் இல்லாமல் வீம்பாக நடந்தால், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நொண்டக் கற்றுக்கொள்ளும். விடாமல் ஒட்டிக்கொள்வது அந்த நொண்டல்தான்; வாக்கரைப் பெரும்பாலானவர்கள் சில வாரங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்தது கைத்தடி. அதை இடது கையில், அதாவது அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலி வலதில் என்பதால் வலது கையிலேயே பிடிப்பவர்களைத் தினமும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த காலும் தடியும் முதலில். மாடிப்படியில் வாக்கர் வேண்டாம்.

குனியாமல் இருக்க

இது மலிவான பகுதி. பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கீழே விழுந்ததை எடுக்க நீண்ட கைப்பிடியுள்ள இடுக்கி, காலணிக்குள் குதிகாலை நுழைக்க நீளமான ஷூ ஹார்ன், முதுகும் காலும் தேய்க்க நீண்ட பிடியுள்ள ஸ்பாஞ்ச், காலுறை அணிபவராக இருந்தால் அதற்கான கயிறு கட்டிய கருவி. ஆடையை எப்போதும் வலது காலில் முதலில் நுழைத்து, கழற்றும்போது அந்தக் காலிலிருந்து கடைசியாக எடுங்கள்.

இடுக்கியை மட்டும் இரண்டாக வாங்குங்கள். என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெரியவர் ஐந்தாவது வாரத்தில், வலியே இல்லை என்ற உற்சாகத்தில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்த செல்போன் சார்ஜரை எடுக்க உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் குனிந்தார். பந்து நழுவியது. மறுபடி மருத்துவமனை, மயக்கம் கொடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். அவரிடம் இடுக்கி இருந்தது. சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது! அதனால் ஒன்று கட்டில் தலைமாட்டில், இன்னொன்று வாக்கரிலேயே கட்டியிருக்கட்டும்.

வாக்கர் பிடித்தால் இரண்டு கையும் வேலையில் இருக்கும், ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட எடுத்து வர முடியாது. வாக்கரின் முன்கம்பியில் சிறு துணிப்பை ஒன்றைத் தொங்கவிட்டு, மூடியுள்ள பாட்டில், செல்போன், மாத்திரை டப்பா ஆகியவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கனமாக எதுவும் வேண்டாம், முன்பக்கம் கவிழும். அன்றாடம் எடுக்கும் சாமான்களை இப்போதே இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். கால்மிதியடி, சிறு விரிப்பு, தரையில் ஓடும் மின்வயர் எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே வையுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும்.

படுக்கும்போது தொடைகளுக்கு நடுவே ஒரு தலையணை. இதற்கென விற்கும் முக்கோணத் தலையணையை மருத்துவர் கேட்டால் வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டிலுள்ள கெட்டியான தலையணையே போதும்.

பட்டியலில் எதை அடிக்கலாம்

மின்மோட்டார் கட்டில், மசாஜ் கருவி, உடற்பயிற்சி மிதிவண்டி, சக்கர நாற்காலி ஆகிய நான்கையும் அடித்துவிடுங்கள். பெரும்பாலானவர்களை அறுவை செய்த அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். சக்கர நாற்காலி வீட்டிலிருந்தால் உட்காரத்தான் தோன்றும். மசாஜ் கருவியைக் காலில் வைக்கவே வேண்டாம். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்தால் அது ஆபத்து. வாக்கரையும் கமோடு நாற்காலியையும் வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். 6 முதல் 12 வாரத் தேவைக்கு வாங்கிக் குவித்தால் பிறகு பரண்தான் நிறையும்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. தாங்கிக்கொள்வார் என்கிறீர்கள். வேண்டாம். முதுகுவலி உள்ள 70 வயதுக்காரர் உங்களைத் தூக்க முயன்றால் இருவரும் விழுவீர்கள். தரையைத் துடைத்துக் காயவைப்பது, காலுறை போட்டுவிடுவது, சாமான் எடுத்துக் கொடுப்பது, நீங்கள் நடக்கும்போது கூடவே வருவது, இவை அவர் வேலை. தூக்குவது அவர் வேலை அன்று. நீங்கள் விழுந்துவிட்டால் அசைக்காமல் தலையணை வைத்து, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். வீட்டை ஆஸ்பத்திரி ஆக்க மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரியான உயரமும் இரண்டு கம்பிகளும் இருந்தால், கழிப்பறைக்கு உங்களோடு யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. எதில் மானம் இருக்கிறது என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள். வாங்குவதும் மறுப்பதும் உங்கள் முடிவுதான், மகனுடையதோ என்னுடையதோ இல்லை.

மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்

எந்தப் பக்கமாக அறுவை, எந்த அசைவுகள் எத்தனை வாரத்துக்குக் கூடாது, அறுவை செய்த காலில் எவ்வளவு எடை போடலாம், காயத்தில் எப்போது தண்ணீர் படலாம், ஒருக்களித்துப் படுக்க எப்போது அனுமதி, கார் ஓட்டுவதாக இருந்தால் அது எப்போது. இவற்றைக் கேட்பதும் எழுத்தில் பெறுவதும் உங்கள் உரிமை. தயங்காதீர்கள். அவர் எழுதிக் கொடுப்பது நான் இங்கே எழுதியதோடு மாறுபட்டால், அவர் சொன்னதுதான் உங்களுக்குச் சட்டம்.

வீடு திரும்பிய பின் திடீரென்று இடுப்பில் கடும் வலி வந்து, கால் குட்டையாகியோ ஒரு பக்கம் திரும்பியோ தெரிந்து, ஊன்ற முடியாமல் போனால் மூட்டு நழுவியிருக்கலாம். நடக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், காய்ச்சல், காயத்தில் கசிவு இவற்றுக்கும் அன்றே தொடர்புகொள்ள வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸ். கால் சற்று நீண்டுவிட்டது போன்ற உணர்வு தொடக்கத்தில் பலருக்கும் வரும். பெரும்பாலும் தசைகள் சீராகும்போது போய்விடும்.

உங்களுக்கு மூன்று வாரம் கையில் இருக்கிறது, பலருக்குக் கிடைக்காத வசதி இது. சாமான்கள் வந்ததும் இப்போதே பயன்படுத்திப் பழகுங்கள். உயர்த்திய இருக்கையில் உட்கார்ந்து எழுங்கள், இடுக்கியால் செய்தித்தாளை எடுங்கள், ஒரு நாள் முழுக்கக் குனியாமல் சமாளித்துப் பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

அந்தச் சாய்வு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்து அவர் மனத்தை நோகடிக்க வேண்டாம். மருத்துவர் கட்டுப்பாடுகளை விலக்கும் வரை அதில் அவரே உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் மர நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் எழுந்திருக்கும்போது எத்தனை முறை முன்னும் பின்னும் ஆடி எழுகிறார் என்று கவனித்தால், உங்களுக்கு அது ஏன் கூடாது என்று அவருக்கே புரிந்துவிடும்.